லம்பெத் நஞ்சுக் கொலைகள்: தோமஸ் நீல் கிரீமின் உள்நோக்கம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

குற்றங்களின் வரலாற்றை ஆராய்வோர் மூன்று வினாக்களுக்கு விடை காண முற்படுவர். குற்றத்தைப் புரிந்தவர் யார், எவ்வாறு புரிந்தார், ஏன் புரிந்தார் என்பனவே அவை. விக்டோரியா மகாராணியின் ஆட்சிக்காலத்தில் (1837–1901) இங்கிலாந்தை அதிரவைத்த கொலைகளுட் பலவற்றில் மூன்றாவது வினாவுக்கு விடை காண்பது கடினமன்று. 1856 இல் தூக்கிலிடப்பட்ட வைத்தியன் வில்லியம் பாமர் குதிரைப்பந்தயக் கடனில் மூழ்கியிருந்தான். பணமே அவனுடைய நோக்கமாயிருந்தது. 1873 இல் தூக்கிலிடப்பட்ட மேரி ஆன் கொற்றனின் வரலாற்றிலும் காப்புறுதிப் பணம் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றது. இதற்கு மாறாக, 1888 இல் கிழக்கு இலண்டனின் வைற்சப்பல் பகுதியில் நிகழ்ந்த கொலைகளைப் பொறுத்தவரை முதலாவது வினாவுக்கே விடையில்லை. ஆளை அறியாது அவனது உள்ளத்தை ஆராய்வது சுவரின்றிச் சித்திரம் எழுதுவதை ஒக்கும்.

இவ்விரு வகைகளுக்கும் இடைப்பட்டது தோமஸ் நீல் கிரீம் என்னும் வைத்தியனின் வழக்கு. இங்கு ஆள் யாரென்பது ஐயத்துக்கிடமின்றி அறியப்பட்டுள்ளது. அவன் கொன்ற முறையும் அறியப்பட்டுள்ளது. அவனோடு தொடர்புடையனவென நீதிமன்றத்தில் நிறுவப்பட்ட கடிதங்களும் உள்ளன. எனினும் அவன் ஏன் கொன்றான் என்பது நூறாண்டுகளுக்கு மேலாகியும் தெளிவாக விளக்கப்படாத ஒன்றாகவே இருந்து வருகின்றது. பணம், காமம், பித்து என வழக்கமாகக் கூறப்படும் விடைகள் எவையும் அவனது செயல்கள் அனைத்துக்கும் பொருந்துவனவாயில்லை. அச்செயல்களைக் கால ஒழுங்கில் வைத்து நோக்கி, அவற்றினின்று அவனுடைய உள்நோக்கத்தை எந்த அளவுக்கு உய்த்துணரலாம் என்பதையும், அந்நோக்கம் எத்தகைய சமூகச் சூழலில் செயற்பட முடிந்தது என்பதையும் ஆராய்வது பயனுடையதாகும்.

கிரீமின் வாழ்க்கை

கிரீம் 1850 ஆம் ஆண்டு மே மாதம் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரிற் பிறந்தான். அவன் குழந்தையாயிருக்கும்போதே குடும்பம் கனடாவின் குவிபெக் நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தை மரவணிகத் துறையில் முன்னேறியவர். வறுமையோ கல்வியின்மையோ இவனைக் குற்றத்துக்குத் தள்ளியதெனக் கூறுவதற்கில்லை. 1872 இல் மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்கத் தொடங்கி 1876 இல் பட்டம் பெற்றான். பட்டத்துக்காக அவன் எழுதிய ஆய்வுரையின் பொருள் குளோரோபோம் என்னும் மயக்கமருந்தாகும்.

அதே ஆண்டில் புளோரா புரூக்ஸ் என்னும் இளம்பெண் அவனாற் கருவுற்று, அவன் செய்த கருக்கலைப்பினால் உயிராபத்துக்குள்ளானாள். பெண்ணின் தந்தையார் வற்புறுத்தியதன் பேரில் அவளை மணஞ்செய்த கிரீம், மணநாளுக்கு மறுநாளே இங்கிலாந்துக்குப் புறப்பட்டுவிட்டான். அவள் அடுத்த ஆண்டில் இறந்தாள். இலண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் லம்பெத் பகுதியிலமைந்த புனித தோமஸ் வைத்தியசாலையிற் பயின்ற அவன், 1878 இல் எடின்பரோவில் மருத்துவத் தகுதி பெற்றான். பிற்காலத்தில் அவனுடைய கொலைக்களமாக மாறிய தெருக்கள் மாணவப் பருவத்திலேயே அவனுக்குப் பழக்கமானவை என்பது கருத்திற் கொள்ளத்தக்கது.

கனடாவுக்குத் திரும்பி ஒன்ராறியோ மாகாணத்தின் லண்டன் நகரில் வைத்தியத் தொழில் நடத்தியபோது, 1879 இல் கேற் காடினர் என்னும் பெண் அவனது மருத்துவ அறைக்குப் பின்புறமிருந்த மலசலகூடத்தில் குளோரோபோமினால் இறந்து கிடந்தாள். ஐயம் அவன்மீது வீழ்ந்தபோதும் வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. அவன் சிக்காகோ நகருக்குச் சென்றான். அங்கே 1880 இல் சட்டவிரோதக் கருக்கலைப்பின்போது மேரி ஆன் போக்னர் என்னும் பெண் இறந்தமைக்காக விசாரிக்கப்பட்டு விடுதலையானான். இவ்விரு சம்பவங்களிலும் அவன் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுண்டு. பட்டம் பெற்ற வைத்தியனது சொல்லும் ஆதரவற்ற பெண்ணொருத்தியின் மரணமும் ஒரே தராசில் நிறுக்கப்படும்போது எப்பக்கம் தாழுமென்பதே அப்பாடம்.

1881 இல் இலினோய் மாநிலத்தில் டானியல் ஸ்ரொட் என்பவர் இறந்தார். காக்கைவலிப்பு நோயுடைய அவருக்காக அவரது மனைவி கிரீமிடமிருந்து மருந்து பெற்று வந்திருந்தாள். கிரீமுக்கும் அவளுக்கும் தகாத உறவும் இருந்தது. வலிப்பு நோயினால் நேர்ந்த மரணமென எண்ணி ஊரார் அவரை அடக்கஞ் செய்துவிட்டனர். எவருக்கும் எவ்வித ஐயமும் எழவில்லை. அந்நிலையில், அம்மரணம் நஞ்சினால் நேர்ந்ததென்றும் உடலைத் தோண்டியெடுத்துச் சோதிக்க வேண்டுமென்றும் மரண விசாரணை அதிகாரிக்குத் தந்தி அனுப்பியவன் கிரீமே. மருந்தைக் கலந்த மருந்துக்கடைக்காரர்மீது அவன் பழி சுமத்தினான். உடல் தோண்டப்பட்டது, ஸ்ரிக்னின் என்னும் நஞ்சும் காணப்பட்டது. ஆனால் குற்றவாளியாகக் காணப்பட்டவன் கிரீமே. ஆயுட்காலச் சிறைத்தண்டனை பெற்று ஜோலியற் சிறைக்கு அனுப்பப்பட்டான். பின்னர் தண்டனை குறைக்கப்பட்டு 1891 யூலையில் விடுதலையானான்.

மௌனமாயிருந்திருந்தால் கிரீம் ஒருநாளேனும் சிறையிலிருந்திருக்க மாட்டான். தன் குற்றத்தைத் தானே உலகுக்கு அறிவித்தமையாலேயே அகப்பட்டான். அவனுடைய உள்ளத்தை விளங்கிக்கொள்வதற்கான திறவுகோல் இங்கேயே கிடைக்கின்றது.

இலண்டனில் நிகழ்ந்தவை

தந்தையின் சொத்திற் கிடைத்த பங்குடன் 1891 ஒக்டோபர் முதல் வாரத்தில் கிரீம் இலண்டனை அடைந்தான். லம்பெத் மாளிகை வீதியில் 103 ஆம் இலக்க வீட்டில் அறையெடுத்துத் தங்கி, ‘டொக்டர் தோமஸ் நீல்’ எனத் தன்னை அழைத்துக்கொண்டான். பாராளுமன்ற வீதியிலிருந்த மருந்துக்கடையொன்றில் எட்டிக்கொட்டைச் சாரத்தையும் வெறும் ஜெலற்றின் மருந்துக்கூடுகளையும் வாங்கினான். நச்சுப்பொருள் விற்பனை 1868 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோதும், வைத்தியன் என்ற பெயர் அக்கட்டுப்பாட்டைக் கடக்கும் அனுமதிச் சீட்டாயிற்று.

இந்நஞ்சு தமிழ் வாசகர்க்குப் புதியதன்று. எட்டி எனவும் காஞ்சிரை எனவும் வழங்கும் மரம் தென்னிந்தியாவிலும் இலங்கையின் உலர்வலயக் காடுகளிலும் இயற்கையாக வளர்வது. அதன் வித்துக்களிலுள்ள ஸ்ரிக்னின் மிகச் சிறிய அளவில் ஐரோப்பிய வைத்தியத்தில் உடலுக்கு ஊக்கமளிக்கும் மருந்தாகக் கொடுக்கப்பட்டு வந்தது. அளவு மிகுந்தால் உடல் முழுவதும் வில்லென வளையும் இசிவு உண்டாகி, மூச்சு நின்று மரணம் நேரும். பெரும்பாலும் இறுதிவரை அறிவு தெளிவாகவே இருக்கும் என்பது இந்நஞ்சின் கொடுமை.

ஒக்டோபர் 13 ஆம் நாள் மாலை எலன் டொன்வேர்த் என்னும் பத்தொன்பது வயதுப் பெண் வாட்டர்லூ வீதியில் வலிப்புற்று வீழ்ந்தாள். பட்டுத்தொப்பி அணிந்த, மாறுகண்ணுடைய, உயரமான கனவான் ஒருவன் போத்தலிலிருந்து தனக்குக் குடிக்கத் தந்ததாகக் கூறிய அவள், வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்படும் வழியில் இறந்தாள். ஒரு வாரத்தின் பின், ஒக்டோபர் 20 ஆம் நாள் இரவு, லம்பெத் வீதி 27 ஆம் இலக்க வீட்டில் வசித்த மற்றில்டா குளோவர் என்னும் இருபத்தேழு வயதுப் பெண் கடும் வேதனையுற்று, மறுநாட் காலையில் இறந்தாள். அவளுக்குக் கைக்குழந்தைப் பருவம் கடந்த மகனொருவன் இருந்தான். அதே மாதத்தில் லூ ஹார்வி என்னும் பெண்ணுக்குக் கிரீம் தேம்ஸ் கரையில் வைத்துக் குளிகைகள் கொடுத்தான். அவள் ஐயுற்று, விழுங்கியது போற் பாவனை செய்து அவற்றை வீசிவிட்டாள்.

1892 இன் தொடக்கத்தில் கனடாவுக்குச் சென்ற கிரீம் ஏப்பிரலில் மீண்டான். அம்மாதம் 12 ஆம் நாள் அதிகாலையில் ஸ்ராம்பேட் வீதியில் ஒரே வீட்டிலிருந்த அலிஸ் மார்ஷ், எமா ஷ்ரைவெல் என்னும் இருவரும் இறந்தனர். பிறைற்றன் பகுதியிலிருந்து அண்மையிலேயே இலண்டனுக்கு வந்தவர்கள் அவர்கள். கெட்டுப்போன தகரமீனே காரணமென முதலிற் கருதப்பட்டது. பரிசோதனையின் பின் இங்கும் ஸ்ரிக்னினே காரணம் எனத் தெரியவந்தது.

இக்கொலைகளோடு கடிதங்களும் தொடர்ந்தன. டொன்வேர்த்தின் மரணத்தை விசாரித்த அதிகாரிக்குத் துப்பறிவாளன் ஒருவன் எழுதுவதுபோல் வந்த கடிதம், மூன்று இலட்சம் பவுண் தந்தாற் கொலையாளியைக் காட்டித் தருவதாகக் கூறிற்று. புகழ்பெற்ற புத்தக வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த பிரெடெரிக் சிமித் என்பவருக்கு வந்த கடிதம் அக்கொலைக்கு அவரே காரணமெனக் குற்றஞ்சாட்டிற்று. நவம்பர் மாத இறுதியில், புகழ்பெற்ற வைத்தியரான வில்லியம் புரோட்பென்ற் என்பவருக்கு மற்றொரு கடிதம் வந்தது. மற்றில்டா குளோவரை ஸ்ரிக்னின் கொடுத்துக் கொன்றவர் அவரேயென்றும், இரண்டாயிரத்து ஐந்நூறு பவுண் தராவிடின் வெளிப்படுத்துவதாகவும் அக்கடிதம் மிரட்டியது. 1892 ஏப்பிரலில் பார்ன்ஸ்ரப்பிள் நகரின் வைத்தியர் ஜோசப் ஹாப்பருக்கு, மருத்துவ மாணவரான அவரது மகனே ஸ்ராம்பேட் வீதிக் கொலைகளைச் செய்தாரென எழுதி ஆயிரத்து ஐந்நூறு பவுண் கேட்கப்பட்டது. அம்மாணவர் கிரீம் தங்கிய வீட்டிலேயே தங்கியிருந்தவர்.

பணம் நோக்கமா?

இக்கடிதங்களை மேலோட்டமாக நோக்குவோர் மிரட்டிப் பணம் பறிப்பதே கொலைகளின் நோக்கமென முடிவுகட்டலாம். ஆயின் சான்றுகள் அம்முடிவுக்கு இடந்தரவில்லை. புரோட்பென்ற் தமக்கு வந்த கடிதத்தைப் பொலிசாரிடம் ஒப்படைத்தார். கடிதத்திற் கேட்டிருந்தவாறே பத்திரிகையில் விளம்பரம் வெளியிடப்பட்டுப் பொலிசார் காத்திருந்தனர். எவரும் வரவில்லை. மூன்று இலட்சம் பவுண் என்பது எந்த அதிகாரியும் கொடுக்கக்கூடிய தொகையன்று. கொடுக்க இயலாத தொகையைக் கேட்பவன் பணத்தை எதிர்பார்ப்பவனல்லன். மேலும், தந்தை வழிச் சொத்துடைய கிரீமுக்கு அக்காலத்தில் உணவுக்கோ உறையுளுக்கோ குறைவிருக்கவில்லை. பாமர் பணத்துக்காகக் கொன்றான், கொன்றதை மறைத்தான். கிரீமோ பணம் வராத இடத்திற் கொன்று, மறைந்து கிடந்ததை வெளிப்படுத்தினான். இருவரும் வைத்தியர்கள், இருவரும் நஞ்சைக் கையாண்டவர்கள் என்பதற்காக ஒரே வகையினராகக் கொள்ளுதல் பொருந்தாது.

காமமும் வெறுப்பும்

கொல்லப்பட்டோர் பெரும்பாலும் விலைமாதராயிருந்தமையால், காமக் குரூரமே நோக்கமெனக் கூறுவாருமுளர். ஜேர்மன் மொழியில் எழுதிய உளநோய் வைத்தியர் கிராப்ற் எபிங் 1886 இல் வெளியிட்ட நூல், பிறர் வேதனையில் இன்பங் காணும் இயல்புக்கு மருத்துவ உலகிற் பெயர் வழங்கியிருந்தது. ஆனால் இவ்விளக்கத்துக்கும் ஒரு பெருந்தடை உண்டு. பிறர் வேதனையில் இன்பங் காண்பவன் அவ்வேதனையைக் காண விரும்புவான். கிரீம் தன்னாற் கொல்லப்பட்ட பெண்களின் மரணத்தைக் காணவில்லை. குளிகையைக் கொடுத்துவிட்டு அகன்றான். மரணம் சிலவேளை பல மணி நேரத்தின் பின், அவனில்லாத இடத்தில், மூடிய அறையில் நிகழ்ந்தது.

லூ ஹார்வியின் விடயம் இதனைத் தெளிவாக்குகின்றது. அவள் சாகவில்லை. சில வாரங்களின் பின் பிக்கடிலியில் அவளைச் சந்தித்தபோது கிரீம் அவளை அடையாளங் கண்டிலன். அவள் தன் பெயரைக் கூறியதும் விரைந்து அகன்றான். அவ்வாறிருந்தும் 1892 இல் ஜோன் ஹேய்ன்ஸ் என்னும் அறிமுகக்காரருடன் உரையாடுகையில், கொல்லப்பட்டோர் வரிசையில் லூ ஹார்வியின் பெயரையும் சேர்த்தே கூறினான். பொலிசார் அப்பெயருடைய பிரேதத்தைத் தேடினர். பின்னர் பத்திரிகையில் விடயமறிந்து தானாக முன்வந்து சாட்சியங் கூறியவள் உயிருடனிருந்த லூ ஹார்வியே. கண்ணாற் கண்ட உண்மையிலும் தன் உள்ளத்தில் நிகழ்த்திய மரணமே அவனுக்கு மெய்யாயிருந்தது என்பதே இதிலிருந்து பெறப்படும் கருத்தாகும். வைற்சப்பல் கொலையாளியின் கத்தி உடலைத் தேடியது. கிரீமின் குளிகைக்கு உடல் தேவைப்படவில்லை, பெயரொன்றே போதுமாயிருந்தது.

பெண்கள்மீது அவன் கொண்ட வெறுப்பு மறுக்கப்படக்கூடியதன்று. பலவந்த மணத்தினின்று தப்பியோடியவனிடத்து அவ்வெறுப்பின் தொடக்கத்தைக் காண்பதும் இயல்பே. எனினும் வெறுப்பு மட்டும் முழு விடையாகாது. ஸ்ரொட் ஆண், விலைமாதரோடு எவ்விதத் தொடர்புமில்லாத நோயாளி. அவருடைய மரணத்தையும் லம்பெத் மரணங்களையும் இணைப்பது கொல்லப்பட்டோரின் பாலன்று. மருந்து என்ற பெயரிற் கொடுக்கப்பட்ட நஞ்சும், அதன்பின் எழுதப்பட்ட கடிதமுமே அவற்றை இணைக்கின்றன.

பித்தும் சட்டமும்

கிரீம் பித்தனா என்ற வினாவும் எழுகின்றது. 1843 இல் வகுக்கப்பட்ட மக்நோட்டன் விதிகளின்படி, தான் செய்வது இன்னதென்றோ அது தவறென்றோ அறியாதவனே சட்டத்தின் கண்ணிற் பித்தன். போலிப்பெயரில் வாழ்ந்து, போலிப்பெயரிற் கடிதமெழுதி, பழியைப் பிறர்மேற் சுமத்தியவனுக்கு இவ்விதி பொருந்தாது. அறிவு தெளிவாயிருக்க அறவுணர்வு மட்டும் பிறழ்ந்திருக்கும் நிலையை 1835 இல் பிரிச்சாட் என்னும் ஆங்கில வைத்தியர் ‘அறப்பித்து’ என்ற கருத்தினால் விளக்க முயன்றிருந்தார். இருபதாம் நூற்றாண்டின் உளவியலாளர் இத்தகையோரை வேறு பெயரால் வகைப்படுத்துவர். ஆயினும் நோய்க்குப் பெயரிடுதல் நோயை விளக்குதலாகாது. கிரீம் தலைவலிக்காக அபினும் பிற மருந்துகளும் உட்கொண்டு வந்தான் என்பதும் அறியப்பட்டதே. அபின் ஒருவனது தடைகளைத் தளர்த்தலாம். அவனுக்கு ஒரு திட்டத்தை வகுத்துக் கொடாது.

இவ்விடத்திற் சட்ட வரலாறு பற்றிய ஓருண்மை கவனிக்கற்பாலது. கிரீமின் வழக்கு 1892 ஒக்டோபர் 17 முதல் 21 வரை இலண்டன் மத்திய குற்றவியல் நீதிமன்றத்தில் நீதிபதி ஹோக்கின்ஸ் முன்னிலையில் நடைபெற்றது. குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் வழக்கிற் சத்தியஞ்செய்து சாட்சியமளிக்கும் பொது உரிமை இங்கிலாந்தில் 1898 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே கிடைத்தது. ஆகவே கிரீமைச் சாட்சிக்கூண்டிலேற்றி ‘ஏன் செய்தாய்’ என எவரும் வினவவில்லை. கொலையின் நோக்கத்தை நிறுவ வேண்டுமென்ற கட்டாயமும் வழக்குத் தொடுநருக்கு இருக்கவில்லை. யூரர்கள் சில நிமிடங்களிலேயே தீர்ப்புக் கூறினர். நவம்பர் 15 ஆம் நாள் நியூகேற் சிறையில் அவன் தூக்கிலிடப்பட்டான். நோக்கம் பற்றிய வினா விடையின்றியே அவனோடு புதைக்கப்பட்டது.

குளிகையும் கடிதமும்

மேற்கூறிய விளக்கங்கள் கொலையை மட்டும் தனியே எடுத்து நோக்குவதே அவற்றின் குறைபாடாகும். கிரீமைப் பொறுத்தவரை கொலை என்பது செயலின் முற்பாதி மட்டுமே. கடிதம் பிற்பாதி. இரண்டையும் ஒருங்கே நோக்குமிடத்து அவனது உள்நோக்கம் ஓரளவு புலப்படுகின்றது.

முதலிற் குளிகையை நோக்குவோம். வைத்தியன் கொடுப்பதை நோயாளி வினவாது விழுங்குகின்றார். இந்த நம்பிக்கையே வைத்தியத் தொழிலின் அத்திவாரம். கிரீம் அந்த நம்பிக்கையையே ஆயுதமாக்கினான். கைபடாமல், குருதி சிந்தாமல், தான் அங்கில்லாமலே ஓருயிரின் முடிவைத் தீர்மானிக்கும் ஆற்றல் தன்னிடமுள்ளது என்ற எண்ணம் அவனுக்குப் போதையாயிருந்திருக்க வேண்டும். அவன் தெரிந்தெடுத்த நஞ்சும் சிந்திக்கத்தக்கது. குளோரோபோம் பற்றி ஆய்வுரை எழுதியவன் அவன். நோவின்றி உணர்வை அகற்றும் மருந்தை நன்கறிந்தவன். அத்தகையவன் உணர்வை விட்டுவைத்து நோவை மிகுவிக்கும் நஞ்சைத் தேர்ந்தான். வைத்தியத்தின் நோக்கத்தைத் தலைகீழாக்கிய தெரிவு அது.

அடுத்துக் கடிதம். மறைந்திருந்து பெறும் ஆற்றலுக்கு ஒரு குறையுண்டு. அதனை எவரும் அறியார். கிரீம் இக்குறையைத் தாங்க இயலாதவனாயிருந்தான். கொலை நடந்ததை உலகம் அறியவேண்டும், செய்தவனை அறியக்கூடாது என்ற ஒன்றுக்கொன்று முரணான இரு விருப்பங்களுக்கிடையே அவன் சிக்குண்டிருந்தான். அவன் மிரட்டியோரின் வரிசையும் இதனை உறுதிப்படுத்துகின்றது. புகழ்பெற்ற வைத்தியர், செல்வந்த வணிகர், பிரபு ஒருவரின் மனைவி, நற்பெயருடைய மருத்துவ மாணவரின் தந்தை என, தான் அடையவியலாத மதிப்பை அடைந்தோரையே அவன் தெரிந்தான். வறியவளை உடலாற் கொன்றான். உயர்ந்தோரைப் பெயராற் கொல்ல முயன்றான். இரண்டிலும் அவன் வேண்டியது ஒன்றே: பிறர் வாழ்வு தன் கையிலிருக்கிறது என்னும் உணர்வு.

இவ்வுணர்வு கணிப்பினால் ஆளப்படவில்லை என்பதற்குச் சிறந்த சான்று அதன் மீள்நிகழ்வே. 1881 இல் தானாக எழுதிய செய்தியினால் பத்தாண்டு சிறையிலிருந்தவன், விடுதலையாகிச் சில மாதங்களுள் அதே செயலை மீண்டும் செய்தான். கணக்கிட்டு நடப்பவன் சுட்ட அடுப்பிற் கையை மீண்டும் வையான்.

அவனை வீழ்த்தியதும் அதுவே. புரோட்பென்றுக்குக் கடிதம் எழுதப்பட்ட வேளையில், மற்றில்டா குளோவர் கொல்லப்பட்டாள் என்ற எண்ணம் அதிகாரிகள் எவருக்கும் இருக்கவில்லை. மிதமிஞ்சிய குடியினால் வந்த சன்னியால் இறந்தாளென மரணச் சான்றிதழ் வழங்கப்பட்டு, வறியோர்க்குரிய புதைகுழியில் அவள் அடக்கஞ் செய்யப்பட்டிருந்தாள். 1892 மே மாதத்தில் உடல் தோண்டியெடுக்கப்பட்டுத் தோமஸ் ஸ்ரீவன்சன் என்னும் இரசாயன நிபுணர் ஸ்ரிக்னினைக் கண்டறிந்தபோது, ஐந்து மாதங்களுக்கு முன்னரே அந்நஞ்சின் பெயரை எழுதியவன் யார் என்ற வினா எழுந்தது. அதற்கு ஒரேயொரு விடைதான் இருந்தது.

சமூகத்தின் பங்கு

எனினும் கொலையாளியின் உள்ளத்தை மட்டும் ஆராய்ந்து அமைதல் வரலாற்று மாணவர்க்குப் போதாது. குளோவரின் மரணத்தை மீண்டும் நோக்குதல் வேண்டும். அவ்வீட்டுப் பணிப்பெண்ணான லூசி றோஸ், இறக்குந்தறுவாயில் குளோவர் பேசியதைக் கேட்டிருந்தாள். பிரெட் என்னும் ஒருவன் தந்த குளிகைகளே தன்னை இந்நிலைக்குள்ளாக்கின என்று அவள் கூறியிருந்தாள். அவ்விரவிற் பார்க்க வந்தவர் வைத்தியரல்லர், அவருடைய உதவியாளர். உதவியாளர் கூறியதைக் கொண்டு, அன்று அவளைப் பார்த்திராத வைத்தியர் சான்றிதழ் வழங்கினார். 1874 ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சான்றிதழைக் கோரியதேயன்றி, வைத்தியர் உடலைப் பார்த்திருக்க வேண்டுமென வற்புறுத்தவில்லை. குடிப்பழக்கமுள்ள விலைமகள் ஒருத்தி வலிப்புற்றிறந்தாற் குடியே காரணம் என்ற முற்கோள், கண்முன் தோன்றிய அறிகுறிகளை மறைத்துவிட்டது.

பொலிசாரும் இதற்கு விலக்கல்லர். பெயர், முகவரி, நஞ்சு ஆகிய மூன்றும் குறிக்கப்பட்ட கடிதம் ஸ்கொட்லாந்து யார்டின் கையிலிருந்தது. மதிப்புக்குரிய வைத்தியரை மிரட்டியவனைப் பிடிக்க வலை விரித்தவர்கள், லம்பெத் வீதி 27 ஆம் இலக்க வீட்டுக் கதவைத் தட்டி, அங்கே அப்பெயருடைய பெண் உண்மையில் இறந்தாளா என வினவவில்லை. 1892 யூன் 3 ஆம் நாள் கிரீம் கைதுசெய்யப்பட்டபோதும், ஹாப்பரிடம் பணம் பறிக்க முயன்றான் என்பதே அவன்மீது முதலிற் சுமத்தப்பட்ட குற்றம். நால்வரின் உயிரைக் கவர்ந்தவனை முதலிற் சிறைப்படுத்தியது ஒரு கனவானின் மதிப்புக்கு நேர்ந்த இடையூறே.

இம்மனப்பாங்கு ஒருநாளில் உருவானதன்று. 1864 முதல் இயற்றப்பட்டு 1886 இல் நீக்கப்பட்ட தொற்றுநோய்ச் சட்டங்கள், படைத்தளங்களை அண்டிய நகரங்களில் விலைமாதரெனக் கருதப்பட்டோரைக் கட்டாய மருத்துவ சோதனைக்குள்ளாக்கின. அத்தகைய பெண்ணின் உடல் வைத்தியனது அதிகாரத்துக்குட்பட்டது என்ற எண்ணத்துக்கு அரசே இருபதாண்டுகளுக்கு மேலாக வலுவூட்டியிருந்தது. கிரீம் அந்த எண்ணத்தின் விளைவு எனக் கூறுதல் மிகையாகும். ஆயிரக்கணக்கான வைத்தியர்களுள் அவனொருவனே அவ்வாறானான். ஆயினும் அவன் தன் இரைகளைத் தெரிந்தெடுத்த இடத்தை அவ்வெண்ணமே அவனுக்குக் காட்டிக்கொடுத்தது எனலாம்.

முடிவுரை

கிரீம் தூக்குமேடையில் ‘நானே ஜாக்’ எனக் கூறத் தொடங்கியதாக ஒரு கதை பிற்காலத்தில் வழங்கலாயிற்று. 1888 இல் அவன் கடலுக்கப்பால் ஜோலியற் சிறையிலிருந்தான் என்ற ஒன்றே அக்கதையை மறுக்கப் போதுமானது. எனினும் அக்கதை ஏன் நிலைத்தது என்பது சிந்தனைக்குரியது. இரு கொலையாளிகளும் ஒருவனே எனக் கொண்டால், கொடுமை முழுவதையும் ஒரேயொரு அரக்கன்மீது சுமத்திவிட்டு ஏனையோர் நிம்மதியடையலாம். சான்றிதழில் ஒப்பமிட்டவரையும் கடிதத்தைக் கோப்பிலிட்டு மறந்தவரையும் பற்றி எவரும் பேசவேண்டியதில்லை.

கிரீமின் உள்நோக்கம் பணமன்று; காமம் மட்டுமன்று; சட்டம் கூறும் பித்துமன்று. மறைவாகச் செலுத்தும் அதிகாரத்தில் அவன் கண்ட இன்பமும், அவ்வதிகாரத்தைப் பிறர் அறியாமலிருப்பதைப் பொறுக்கவியலாத அகந்தையுமே அவனை இயக்கின என்பது, கிடைக்கும் சான்றுகளுக்குப் பெரிதும் பொருந்திய முடிவாகும். இம்முடிவிலிருந்து மற்றோர் உண்மையும் வெளிப்படுகின்றது. மற்றில்டா குளோவர் கொல்லப்பட்டாள் என்பதை அந்தப் பெருநகரில் எழுத்தில் வற்புறுத்தியவன் அவளைக் கொன்றவன் ஒருவனே. அவனது அகந்தை சற்றுக் குறைந்திருந்தால், அவள் இன்றும் குடியால் இறந்தவளாகவே பதிவேட்டிற் கிடந்திருப்பாள்.

ஆனால் அவனுக்கு முன்னரே அதனைக் கூறியவர் ஒருவர் இருந்தார். இறக்குமுன் தன் வாயால் அவளே கூறினாள். பணிப்பெண் ஒருத்தி அதனைக் கேட்டாள். அந்த இரு பெண்களின் சொல்லையும் உரிய வேளையில் எவரேனும் வினவிக் கேட்டிருந்தால், அலிஸ் மார்ஷும் எமா ஷ்ரைவெல்லும் உயிர்தப்பியிருக்கக் கூடும். கொலையாளியின் உள்ளம் எத்துணை விசித்திரமானதாயினும், அவனுக்கு ஆறு மாத கால அவகாசத்தை வழங்கியது விசித்திரமான ஒன்றன்று. வறியவளின் சொல் கேட்கத்தக்கதன்று என்னும் மிகச் சாதாரணமான வழக்கமே அது.